பின் சீட்டு, இடது பக்கம்

இது நடந்தது. நடந்ததில் பேரம் கிடையாது. ‘எல்லாம் சரி, அந்தப் பேயை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்பவர்கள் வேறு கடை பார்த்துக்கொள்ளலாம். சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நடந்தது கறார் அக்காவுக்கு.

கடைத்தெருவில் திரைச்சீலைத் துணி விற்கிறாள். கடைக்குள் ‘ஒரே விலை’ என்று பெரிய போர்டு. விற்கும்போது அந்த போர்டைத்தான் கை காட்டுவாள். வாங்கப் போகிற இடத்தில் அதே போர்டு தொங்கினால் அவள் கண்ணுக்குத் தெரியாது. பெயர் அப்படி வந்தது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் கார் வாங்கப் போனாள். ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் ரொம்ப நாளாக நின்றிருந்த வண்டியைக் காட்டி, “வர்றவங்க போறவங்க எல்லாம் கதவைத் திறந்து மூடின வண்டி. இதுக்குப் புது விலையா?” என்று ஆரம்பித்தாள். விற்பனைக்காரர் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. விலை இறங்கியது. மிதியடி கேட்டாள், கொடுத்தார். சீட் கவர் கேட்டாள், கொடுத்தார். மழைக்கு ஒரு குடை கேட்டாள். உள்ளே போய்த் தன் சொந்தக் குடையையே எடுத்து வந்து நீட்டினார்.

அங்கேதான் அக்காவுக்கு லேசாக உறுத்தியது. சரக்கு சுத்தமாக இருந்தால் விற்கிறவன் இத்தனை சுலபமாக இறங்க மாட்டான். ஓடாத துணியைத் தள்ளிவிடும்போது அவளே இப்படித்தான் இறங்குவாள். ஆனால் சாவி கைக்கு வந்துவிட்டது. சாவியின் கனத்தில் உறுத்தல் போன இடம் தெரியவில்லை.

அந்தச் சாவியின் அருமை அவளுக்குத்தான் தெரியும். மொத்த வியாபாரிகளின் கிடங்குகள் ஊருக்கு வெளியே, ஒரு மணி நேர ஓட்டத்தில். அதுவரை அவளுக்கு வாய்த்தது கொழுந்தனின் கார். துணியை எடுத்து முடித்து, கிடங்குக்காரன் ஷட்டரை இழுத்து மூடிய பிறகும் நடைபாதையில் மூட்டைகளோடு நிற்பாள். போன் செய்தால், “இதோ வந்துட்டேன் அண்ணி” என்பான். அவனுடைய ‘இதோ’ இருக்கிறதே, அதை அளக்க அவள் கடை மீட்டர் கோல் போதாது. வந்த பிறகும் முன் சீட்டில் அவன் நண்பன் இருப்பான். அக்கா பின் சீட்டில், இடது ஓரத்தில், மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்து வருவாள். இத்தனை வருஷம் அப்படித்தான். இனிமேல் அது கிடையாது என்பதற்குத்தான் அந்தச் சாவி.

முதல் இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் ஒரு பட்டப்பகலில், கடைக்குப் போகிற வழியில், டிங்... டிங்... டிங்...

ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்புப் பொம்மை எரிந்தது. பின் சீட்டு, இடது பக்கம். அங்கே உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்று அர்த்தம்.

அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

அக்கா பயப்படவில்லை. கோபம்தான் வந்தது. புது வண்டியில் கோளாறா? நேராக டீலரின் சர்வீஸ் சென்டருக்கு விட்டாள். அங்கே அட்வைசர் என்று ஒருவன். இஸ்திரி கலையாத சட்டை, கையில் டேப்லெட், வாயில் எப்போதும் ‘மேடம்’.

“மேடம், பின் சீட்ல பை ஏதாவது வெச்சிருந்தீங்களா?”

“இல்ல.”

“தண்ணி பாட்டில்? வெயிட் பட்டா சென்சார் ஆளுன்னு நினைச்சுக்கும்.”

“வெச்சிருந்தா வெச்சேன்னு சொல்ல மாட்டேனா தம்பி?”

“சில சமயம் மறந்துடும் மேடம்.”

“போன வருஷம் ஒருத்தர் தொட்டுப் பாத்துட்டு வாங்காம போன துணி என்ன கலர்னு சொல்லுவேன். பாட்டிலையா மறப்பேன்?”

அவன் ஸ்கேனரைக் கொண்டுவந்து வண்டியில் செருகினான். கொஞ்ச நேரம் திரையைத் தடவினான். “ஒரு ஃபால்ட்டும் காட்டல மேடம். வண்டி நல்லா இருக்கு.”

“அப்போ ஸ்கேனருக்கு வைத்தியம் பாருங்க.”

சீட்டுக்கு அடியில் வயர் சேருகிற சாக்கெட்டைக் கழற்றி, தூசி தட்டி, திரும்ப மாட்டி அனுப்பினார்கள். தூசி படிந்தாலே இப்படி அடிக்குமாம். சாதாரணக் கோளாறாம். நிறைய வண்டியில் வருமாம்.

சில நாள் சத்தமில்லை. ஆனால் வேறொன்று.

அக்கா துணிக்கடைக்காரி. ஒரு கோடு வளைந்திருந்தால் தூரத்திலிருந்தே தெரியும். ஒரு காலையில் வண்டியை வெளியே எடுக்கும்போது பின் சீட்டின் இடது ஹெட்ரெஸ்ட் மட்டும் ஒரு படி உயர்ந்திருந்தது. இறக்கிவிட்டாள். மறுநாள் காலை திரும்பவும் உயர்ந்திருந்தது. இறக்கினாள். அதற்கு மறுநாளும்...

வண்டி ராத்திரி முழுக்கப் பூட்டித்தான் இருந்தது. சாவி அவள் தலைமாட்டில்.

அன்றைக்கே மணியும் திரும்பி வந்தது.

இந்த முறை அட்வைசரைத் தாண்டி ஃபோர்மேனிடம் போனாள். பனியன் தெரியக் காலர் பட்டன் திறந்த, அதிகம் பேசாத மனிதர். “நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்து வர்றேன்” என்றார். பஸ் டிப்போவைத் தாண்டியதும் அடித்தது. ஃபோர்மேன் சட்டென்று திரும்பி, கையை நீட்டிப் பின் சீட்டை அழுத்திப் பார்த்தார். எடுத்த கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். துடைக்கிற அளவுக்கு அங்கே ஈரமோ அழுக்கோ இல்லை. திரும்பி வரும்வரை பின்னால் பார்க்கவில்லை.

“சென்சார் போயிருக்கும்க்கா. வாரண்டில மாத்திடலாம்” என்றார்.

மாற்றினார்கள். புது சென்சார். அன்று மாலையே, டிங்... டிங்...

விஷயம் வீட்டில் தெரிந்துபோனது. வீட்டுக்காரரை ஒரு நாள் கடைக்குக் கூட்டி வரும்போது அடித்துத் தொலைத்தது. அவர் நல்ல மனிதர்தான். ஆனால் தம்பி சொல்வது எதுவும் அவருக்கு வேதம். அந்தத் தம்பி அன்று சாயங்காலமே ஹாலில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

“அண்ணி, அதுக்குத்தான் அப்பவே சொன்னேன். வண்டி வாங்கறதெல்லாம் தெரிஞ்சவங்க செய்யணும்.”

“வாங்கறது எனக்குத் தெரியும் தம்பி. அவங்களுக்கு விக்கத் தெரியல.”

“ஷோரூம் மேனேஜர்கிட்ட பேசிட்டேன். திரும்ப எடுத்துக்கறாங்களாம். இவ்வளவு சீக்கிரம் எந்த டீலரும் ஒத்துக்க மாட்டான். குடுத்துட்டு நிம்மதியா இருங்க. நான்தான் இருக்கேனே கூட்டிட்டுப் போக.”

“நீங்க இருக்கீங்க. எங்க இருக்கீங்கன்னுதான் எனக்குத் தெரியறதில்ல.”

வீட்டுக்காரர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். அப்புறம் பஞ்சாயத்துக் குரலில் சொன்னார்: “இன்னும் ஒரே ஒரு தடவை காட்டு. சரியாச்சுன்னா உன் இஷ்டம். நாங்க ரெண்டு பேரும் வந்து உக்காந்து பாப்போம். மணி அடிச்சா, வண்டி ஷோரூமுக்கு. சரியா?”

“சரி” என்றாள் அக்கா. சொல்லும்போதே தெரிந்தது, வாழ்க்கையில் முதல்முறையாகச் சரக்கைப் பார்க்காமல் பேரத்தை முடித்துவிட்டோம் என்று.

மூன்றாவது தடவை. ஃபோர்மேன் வேறு வழி சொன்னார்.

“அக்கா, எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. ஸ்கேனர் பேசலைன்னா நாங்க சாமானை இடம் மாத்திப் பாப்போம். உங்க பின் சீட்டைக் கழட்டி எங்க டெமோ வண்டில போடறேன். அதோடதை உங்களுதுல போடறேன். அங்க மணி அடிச்சா தப்பு சீட்டுல. இங்கயே அடிச்சா தப்பு வண்டில. கோளாறு எது கூடப் போகுதோ, அதுலதான் தப்பு.”

அக்காவுக்குப் பிடித்திருந்தது. எந்தப் பீஸில் சாயம் போகிறது என்று கண்டுபிடிக்க அவளும் இதையேதான் செய்வாள்.

சீட்டு மாறியது. டெமோ வண்டி ஊரெல்லாம் சுற்றி வந்தது, ஒரு சத்தம் இல்லை. அக்காவின் வண்டி சர்வீஸ் சென்டர் கேட்டைத் தாண்டவில்லை, அடித்தது. வேறு சீட்டு. வேறு சென்சார். அதே இடது பக்கம்.

“அப்போ வயரிங்தான்” என்றார் ஃபோர்மேன். குரலில் கொஞ்சம் நிம்மதி. “மொத்த வயரிங்கையும் மாத்திடறேன். நாளைக்கு மத்தியானம் வந்து எடுத்துக்கோங்க. அதுவரைக்கும் மாத்து வண்டி ஒண்ணு தர்றேன்.”

அந்த மாற்று வண்டியைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அந்த மாடலிலேயே ஆகக் கீழ்ப்படி. கண்ணாடியைக் கைப்பிடியைச் சுற்றித்தான் இறக்க வேண்டும். ரேடியோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி. அக்காவுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. பேய் பிடித்த சொகுசு வண்டியைவிடப் பேசாமல் ஓடுகிற தகரம் மேல். அதை எடுத்துக்கொண்டு நேராகக் கிடங்குக்குப் போனாள். எடுத்த துணியை எல்லாம் டிக்கியில் திணித்தாள். பின் சீட்டில் ஒரு கைக்குட்டைகூட வைக்கவில்லை. அதில் மட்டும் கவனமாக இருந்தாள்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மழையோடு இருட்டும்.

புறவழிச் சாலை. தெரு விளக்கு இல்லை. முன்னால் போன லாரியும் ஒரு கிளைச் சாலையில் திரும்பிவிட்டது. வைப்பர் மட்டும் சரக்... சரக்... என்று போய் வந்தது. கடிகாரத்தில் ஏழு பத்து.

டிங்...

அக்கா ரேடியோ என்று நினைத்தாள். ரேடியோ இல்லையென்று ஞாபகம் வந்தது.

டிங்... டிங்...

ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் சிவப்புப் பொம்மை. பின் சீட்டு. இடது பக்கம்.

இது அவள் வண்டி இல்லை. அவள் சீட்டு இல்லை. அவள் வயரிங் இல்லை. எல்லாம் அங்கே சர்வீஸ் சென்டரில் அக்கக்காகக் கிடக்கிறது.

பின்னால் பார்க்கிற கண்ணாடியில் பார்த்தாள். ஜன்னல் கண்ணாடி எல்லாம் மழைக்குப் புகை மூடியிருந்தது. இடது பக்கப் பின் ஜன்னலில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம், தெளிவாக. வெளியே வேடிக்கை பார்க்க யாரோ உள்ளிருந்து துடைத்துவிட்ட மாதிரி.

பின்னால் பார்க்கிற கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டாள்.

டிங்... டிங்... டிங்...

கிர்ர்...

புதுச் சத்தம். அக்கா மூச்சைப் பிடித்துக் கேட்டாள்.

கிர்ர்... கிர்ர்...

கைப்பிடி சுற்றுகிறது. பின்னால். இடது பக்கம்.

சில்லென்று மழைக் காற்று வந்து அவள் பிடரியைத் தொட்டது.

கால் தானாக பிரேக்குக்குப் போனது. நிறுத்து, இறங்கு, ஓடு என்றது உடம்பு. மழையில் நனைந்த ஒரு யோசனை மட்டும் குறுக்கே வந்து நின்றது. நிறுத்தினால் இறங்க வேண்டும். இறங்கினால் ஓட வேண்டும். ஓடினால் யாருக்காவது போன் போட வேண்டும். போன் போட்டால் கொழுந்தன்தான் வருவான். ‘இதோ வந்துட்டேன் அண்ணி’ என்பான். நாளையிலிருந்து அவன் வண்டி. பின் சீட்டு. இடது பக்கம். மூட்டையோடு மூட்டையாக.

காலை பிரேக்கிலிருந்து எடுத்தாள்.

“யாருன்னு கேக்க மாட்டேன்” என்றாள். குரல் நடுங்கியது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கடைக் குரலுக்கு மாறினாள். “எங்கேருந்து வர்றீங்கன்னும் கேக்க மாட்டேன். கடைக்கு வர்றவங்ககிட்ட நான் அதெல்லாம் கேக்கறதில்ல.”

டிங்... டிங்...

“இறங்கணும்னா சொல்லுங்க, நிறுத்தறேன். நீங்க இறங்குங்க. நான் இறங்க மாட்டேன். வண்டி என்னுது இல்ல. ஆனா சாவி என் கையில இருக்கு.”

டிங்... டிங்...

“கூட வர்றதுன்னா, மூணு விஷயம். முன் சீட்டுக்கு வரக் கூடாது. என் வீட்டு வாசப்படி ஏறக் கூடாது.”

கைப்பிடி நின்றது.

“மூணாவது, பெல்ட் போடணும். உங்களால என் வண்டி போகப்போகுது. இந்த மணி அடிச்சா நாளைக்கு நான் நடுத்தெருவுல நிக்கணும். நான் நின்னா நீங்களும் நிக்கணும். யோசிச்சுக்கோங்க. இதுதான் கடைசி விலை. இதுக்கு மேல இறங்க மாட்டேன்.”

டிங்...

டிங்...

சரக்... சரக்... வைப்பர்.

பின்னால் மெதுவாக, நிதானமாக, கிர்ர்... கிர்ர்... என்று கண்ணாடி ஏறியது. காற்று நின்றது.

அப்புறம் ஒரு நீளமான சத்தம். சர்ர்ர்ர்...

நாடாவை இழுக்கிற சத்தம்.

க்ளிக்.

மணி நின்றது. பொம்மை அணைந்தது.

மீதி வழி முழுக்க அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்த பேரத்தில் அதிகம் பேசினால் கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, முன் கதவை மட்டும் திறந்து இறங்கி, பூட்டி, திரும்பிப் பார்க்காமல் மாடி ஏறினாள். ஓடவில்லை. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “என்னாச்சு? மணி அடிச்சுதா?”

“அது மாத்து வண்டிங்க. அதுல எப்படி அடிக்கும்?”

“அதானே” என்றார் அவர்.

மறுநாள் மத்தியானம். பளிச்சென்று வெயில். வீட்டுக்காரரும் கொழுந்தனும் அவனுடைய காரில் சர்வீஸ் சென்டருக்கு வந்திருந்தார்கள், சாட்சிக்கு. கொழுந்தன் தன் வண்டியை ஓரமாக நிழலில் விட்டான். அங்கேயே நாற்காலி போட்டு மேனேஜரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். வண்டி திரும்பப் போகிறது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

அக்கா மாற்று வண்டியைக் கொண்டுவந்து ஃபோர்மேனிடம் சாவியைக் கொடுத்தாள். காலையிலிருந்து பின்பக்கம் அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. துணியை இறக்க டிக்கியை மட்டும்தான் திறந்தாள்.

ஃபோர்மேன் வண்டியைச் சுற்றி வந்தார். பின் கதவைத் திறந்தார். அப்படியே நின்றார்.

“அக்கா. பின்னாடி யாரைக் கூட்டிட்டுப் போனீங்க?”

“யாரும் இல்ல.”

“இங்க வாங்க.”

போய்ப் பார்த்தாள். இடது பக்க பெல்ட் மாட்டியிருந்தது. ஆளில்லாத சீட்டில் பெல்ட்டை மாட்டினால் அது உள்ளே இழுத்துக்கொண்டு சீட்டோடு ஒட்டிக் கிடக்கும். இது ஒட்டவில்லை. ஒரு ஆளின் தோளும் நெஞ்சும் வயிறும் இருந்தால் எவ்வளவு வெளியே வளைந்து நிற்குமோ, அவ்வளவு வெளியே வளைந்து, வெறும் காற்றின் மேல் விறைப்பாக நின்றது.

ஃபோர்மேன் கையை நீட்டினார். கை பாதி வழியில் நின்றது. அப்புறம் சிவப்புப் பட்டனை அழுத்தினார். நாடா சர்ரென்று உள்ளே ஓடியது.

வண்டி லேசாக ஒரு முறை குலுங்கியது. யாரோ இறங்கின மாதிரி.

ஃபோர்மேன் பின் கதவை மெதுவாகச் சாத்தினார்.

“சிக்கியிருக்கும்” என்றார் ஃபோர்மேன். தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

“சிக்கல” என்றாள் அக்கா. “நேத்து இதுலயும் மணி அடிச்சுது. நான்தான் பெல்ட் போடச் சொன்னேன்.”

“எந்த மணி?”

“பின் சீட்டு மணிதான். அந்தச் சிவப்புப் பொம்மை எரிஞ்சுதே.”

ஃபோர்மேன் அவளைப் பார்த்தார். முன்பக்கம் போய் உட்கார்ந்து சாவியைப் போட்டார். இன்ஜினைக் கிளப்பாமல் சாவியைப் பாதி திருப்பினால், வண்டியில் என்னென்ன எச்சரிக்கை விளக்கு உண்டோ அத்தனையும் ஒரு முறை எரிந்து காட்டும்.

“பாருங்க. ஆயில். பேட்டரி. பிரேக். முன் சீட்டு பெல்ட். அவ்வளவுதான்.”

அக்கா குனிந்து பார்த்தாள். நேற்று பொம்மை எரிந்த இடத்தில் வெறும் கறுப்புப் பிளாஸ்டிக்.

“இது அடிமட்ட மாடல்க்கா. பின் சீட்டுக்கு சென்சாரே கிடையாது. வயர் கிடையாது, விளக்கு கிடையாது...” அவர் குரல் இறங்கிப்போனது. “மணியும் கிடையாது.”

அக்கா அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக்கை விரலால் தடவிப் பார்த்தாள்.

“குடுத்துடுங்கக்கா” என்றார் ஃபோர்மேன். “மேனேஜர் ஒத்துக்கிட்டார்ல. இன்னைக்கே திருப்பிக் குடுத்துடுங்க.”

“எதை?”

“உங்க வண்டியை.”

“வண்டில என்ன தப்பு? சீட்டை மாத்தினீங்க. சென்சாரை மாத்தினீங்க. வயரை மாத்தினீங்க. வண்டியையே மாத்திக் குடுத்தீங்க. கோளாறு எது கூடப் போகுதோ அதுலதான் தப்புன்னு நீங்கதானே சொன்னீங்க?” அக்கா சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “மாத்தாம இருக்கறது நான் ஒருத்திதான். என்னைக் கழட்டி வேற யார் வண்டிலயாவது போட்டுப் பாக்கறீங்களா?”

ஃபோர்மேன் தலை குனிந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்க பேசினது இங்கயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுத் தன் வண்டியை நோக்கி நடந்தாள். யாராக இருந்தால் என்ன. இந்தச் சாவியை அவள் விடப்போவதில்லை. பின்னால் உட்கார்ந்து வருவது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வருகிறவர் வரட்டும்.

அவளுடைய வண்டி கொட்டகைக்குள் நின்றிருந்தது. வெயில் படாத இடம். கொழுந்தன் இடது பக்கப் பின் கதவைத் திறந்து, உட்காரக் குனிந்து, கையை ஊன்றினான். சட்டென்று கையை எடுத்தான்.

“என்ன அண்ணி, சீட்டு இப்படிச் சூடா இருக்கு? இப்பதான் யாரோ எழுந்து போன மாதிரி.”

“அந்தப் பக்கம் உக்காருங்க தம்பி.”

“ஏன்?”

“சொன்னா கேளுங்க.”

அவன் சுற்றிப்போய் வலது பக்கம் ஏறினான். வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்து, ஒழுங்காக பெல்ட்டை மாட்டிக்கொண்டார். அக்காவும் மாட்டிக்கொண்டாள். வண்டியைக் கிளப்பினாள். கேட்டைத் தாண்டினாள்.

டிங்... டிங்... டிங்...

“பாத்தியா” என்றார் வீட்டுக்காரர். குரலில் உண்மையான வருத்தம். “திரும்பவும் அடிக்குது.”

பின்னாலிருந்து கொழுந்தன் சிரிக்கிற சத்தம் கேட்டது. “நான் சொன்னேன்ல அண்ணா.”

அக்கா குனிந்து பார்த்தாள். சிவப்புப் பொம்மை எரிந்தது.

ஒன்றல்ல. இரண்டு.

வலது பக்கம் ஒன்று. இடது பக்கம் ஒன்று.

வீட்டுக்காரரின் கண் அந்தப் பக்கம் திரும்புவதற்கு முன்னால், ஸ்டியரிங்கின் மேலிருந்த இடது கையை நகர்த்தி வைத்து மறைத்துக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை.

“வண்டி சரியாத்தாங்க இருக்கு. பெல்ட் போடாம உக்காந்தா அடிக்கத்தான் செய்யும்.” சாலையைப் பார்த்தபடியே, கடைக் குரலில் சொன்னாள்: “பின்னாடி இருக்கறவங்க, பெல்ட் போடுங்க.”

கொழுந்தன் முணுமுணுத்துக்கொண்டே நாடாவை இழுத்தான்.

க்ளிக்.

க்ளிக்.

மணி நின்றது.

“அட, ஆமா” என்றார் வீட்டுக்காரர். “சரியாயிடுச்சே.”

கடைத்தெரு வரும்வரை கொழுந்தன் வாயைத் திறக்கவில்லை. வண்டி நின்றதும் பெல்ட்டைக் கழற்றக்கூடத் தெரியாமல் தடுமாறி இறங்கி, தன் கார் சர்வீஸ் சென்டரில் நிற்கிறது என்பதையே மறந்து, வேகமாக நடந்து போனான். அவன் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தது. என்ன பார்த்தான் என்று அவன் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

அந்த வண்டி இப்போதும் ஓடுகிறது. வாரத்துக்கு இரண்டு முறை கிடங்குக்குப் போய் வருகிறது. அதற்கப்புறம் ஒரு தடவைகூட அந்த மணி அடித்ததில்லை. கிடங்கு வாசலில் மூட்டையோடு நிற்கிற மற்ற பெண்கள் யாராவது கேட்டால் அக்கா ஏற்றிக்கொள்வாள். முன் சீட்டில் ஒருவர், பின்னால் வலது பக்கம் ஒருவர், நெருக்கினால் நடுவில் ஒருவர்.

“அந்த ஓரத்துலதான் இடம் இருக்கே அக்கா” என்று சிலர் இடது பக்கத்தைக் காட்டுவார்கள்.

“இல்லம்மா. அங்க ஆள் இருக்கு” என்பாள் கறார் அக்கா.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று அவர்கள் சிரிப்பார்கள். நடுவில் உட்கார்ந்து வருகிறவள் மட்டும், பாதி வழியில் சிரிப்பை நிறுத்திவிடுவாள்.